பழைய வண்டியில் இறுகிப்போன டீசல், பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபில்டர் குப்பைக்குப் போகிற பொருள். அதைத் தாங்கி நிற்கும் ஹெட், அதற்கு வரும் குழாய், குழாயின் நட்டு, உள்ளே இருக்கும் மரை, இவைதான் வண்டியோடு இருக்கப் போகின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கில் சொன்னவைதான். ஃபில்டர் நசுங்கலாம், கிழியலாம், ஓட்டை விழலாம். மற்றவற்றுக்குச் சேதம் வரக்கூடாது. பழைய வண்டிக்கு ஃபில்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஹெட்டும் வளைத்த இரும்புக் குழாயும் தேடி அலைய வைக்கும்.

என் வண்டியில் இருப்பது எந்த வகை ஃபில்டர்?

பழைய வண்டிகளில் நான்கு வகைகளைப் பார்க்கலாம்.

முதலாவது, தகர டின் போலத் தொங்கும் வகை. டின்னையே சுற்றித்தான் கழற்ற வேண்டும். டீசல் ஜீப், வேன், சின்ன லாரி ஆகியவற்றில் இதுதான் அதிகம். இரண்டாவது, நடுவே ஒரு நீள போல்ட்டு ஓடி, மேல் ஹெட்டுக்கும் கீழ்க் கிண்ணத்துக்கும் இடையில் ஃபில்டரை இறுக்கிப் பிடிக்கும் வகை. மாஸி ஃபெர்குசன் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்றாவது, எரிபொருள் குழாயின் நடுவே உட்கார்ந்திருக்கும் இரும்பு உருளை. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான பெட்ரோல் கார்களில், பல மாடல்களில் காரின் அடியில் டேங்க் பக்கமாக இருக்கும். நான்காவது, கார்புரேட்டர் காலத்து அம்பாசடர், மாருதி 800 போன்றவற்றில் ரப்பர் ஹோஸ் நடுவே மாட்டிய சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர். இந்தக் கடைசி வகையில் ஹோஸ்தான் ஒட்டிக்கொள்ளும், ஃபில்டரால் தொந்தரவு இருக்காது.

ஏன் இப்படி இறுகிப்போகிறது?

காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒவ்வொரு காரணத்துக்கும் வைத்தியம் வேறு.

டின் வகையில் பெரும்பாலும் ரப்பர் கேஸ்கெட்தான் (கசியாமல் அடைக்கும் வளையம்) ஹெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாட்டும்போது கேஸ்கெட்டில் டீசலோ ஆயிலோ தடவாமல் உலர்வாக மாட்டியிருப்பார்கள், அல்லது கையால் இறுக்க வேண்டியதைச் செயின் ஸ்பானர் போட்டு இறுக்கியிருப்பார்கள். எஞ்சின் சூட்டில் ரப்பர் நாளாக நாளாகக் கெட்டியாகி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே துரு ஒரு பொருட்டே இல்லை.

குழாய் நட்டுகளில் கதை வேறு. அங்கே முழுக்க முழுக்கத் துருதான். வண்டியின் அடியில் இருப்பதால் மழைத் தண்ணீரும் சேறும் நேராக அடிக்கும். நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, நட்டு ஃபில்டரோடு மட்டும் துருப்பிடிப்பதில்லை. தனக்குள் நுழைந்து வரும் குழாயோடும் சேர்த்துப் பிடித்துவிடும். அப்படி ஆனபின் நட்டைத் திருகினால் குழாயும் கூடவே முறுக்கிக்கொண்டு வரும். குழாய் நாசமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

அலுமினிய ஹெட்டில் இரும்பு போல்ட்டு இருந்தால், ஈரம் பட்டு இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பொடி மாதிரி அரிப்பு உண்டாகும். அங்கே பலம் காட்டினால் போல்ட்டு வரும், அலுமினிய மரையையும் சுருட்டிக்கொண்டு வரும்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பானர் வைக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

அழுத்தத்தை இறக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரில் எரிபொருள் குழாயில் சுமார் 2.5 முதல் 3 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் அடிக்கிற காற்றைவிட அதிகம். எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் நெடுநேரம் உள்ளேயே நிற்கும், மறுநாள்கூடக் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அப்படியே நட்டைத் தளர்த்தினால் பெட்ரோல் முகத்திலும் கண்ணிலும் பீய்ச்சும்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே உள்ள காற்றழுத்தத்தை விடுங்கள். ஃபியூயல் பம்பின் ஃபியூஸை அல்லது ரிலேயைப் பிடுங்குங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு இரண்டு மூன்று நொடி செல்ஃப் அடியுங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். இவ்வளவு செய்த பிறகும் நட்டைச் சுற்றி ஒரு துணியைப் போர்த்திக்கொண்டுதான் தளர்த்த வேண்டும்.

தீயைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெட்ரோல் எந்த ஊர்க் குளிரிலும் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். வண்டியைக் குழி மேல் நிறுத்தி வேலை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. பீடி, சிகரெட், சாமி விளக்கு, அடுப்பு, கிரைண்டர், வெல்டிங் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும். ஒயரில் தொங்கவிடும் குண்டு பல்பைக் கொண்டு வராதீர்கள். அது விழுந்து உடைந்தால் உள்ளே சிவக்கும் கம்பி ஒன்றே போதும். பெட்ரோல் பங்கில் சிவப்பு வாளியில் மணல் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி ஒரு வாளி மணலோ, உலர் பொடி தீயணைப்பானோ கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும்.

வீட்டுக்குள்ளே, மூடிய ஷெட்டுக்குள்ளே இந்த வேலை வேண்டாம். திறந்த இடத்தில் செய்யுங்கள்.

டீசல் வண்டிக்கும் இவ்வளவும் வேண்டுமா?

பழைய டீசலில் ஃபில்டர் இருக்கும் பக்கம் அழுத்தம் குறைவு, எஞ்சினை நிறுத்தினால் அதுவும் இறங்கிவிடும். டீசல் பெட்ரோல் அளவுக்குச் சட்டென்று பற்றாது. அதற்காகச் சூடான சைலன்சர் மேனிஃபோல்ட் மேல் டீசல் கொட்டினால் பேசாமல் இருந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், எஞ்சின் ஆறட்டும். ஃபில்டருக்குக் கீழே ஆல்டர்னேட்டரோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ இருந்தால் ஒரு பாலிதீன் கவரைப் போட்டு மூடுங்கள். எஞ்சின் மவுண்ட் ரப்பரிலும் பெல்ட்டிலும் டீசல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்க் உயரத்தில் இருந்து ஃபில்டர் தாழ்வாக இருக்கும் வண்டிகளில், கழற்றியதும் டேங்கிலிருந்து டீசல் தானாக ஓடி வரும். டிராக்டரில் டேங்க் குழாயை மூட ஒரு திருகு வால்வு (டேப்) இருக்கும், அதை மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

எந்தப் பக்கம் சுற்றினால் கழலும்?

சிரிக்கத் தோன்றும் கேள்வி. ஆனால் கழலாத டின்களில் சில, தவறான பக்கம் சுற்றி இன்னும் இறுக்கப்பட்டவை. டின் தலைகீழாகத் தொங்குகிறது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டின்னின் அடிப்பாகத்தைப் பார்க்கும்போது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து மேலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டே கையை விட்டுச் சுற்றினால் அதே திசை தலைகீழாகத் தெரியும்: மேலிருந்து பார்ப்பவருக்கு அது கடிகார முள் திசை. சந்தேகம் வந்தால் புது ஃபில்டரைப் பக்கத்தில் அதே நிலையில் பிடித்து, அதன் மரை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்.

டின் ஃபில்டர் கைக்கு வரவில்லை. அடுத்து என்ன?

வரிசையாகப் போங்கள், நேராகச் சுத்தியலுக்குத் தாவ வேண்டாம்.

டின்னின் வெளிப்பக்கத்தில் டீசல் பிசுக்கு இருந்தால் கை வழுக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள். உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்ளே இருக்கும்படி டின்னில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கேஸ்கெட் கொஞ்சம் இளகியிருக்கும்; வண்டியை ஓட்டிவிட்டு வந்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் முயல்வது நல்லது. டீசல் வண்டியில் வெந்நீரில் நனைத்த துணியை ஹெட்டுக்கும் டின்னுக்கும் இடையில் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டாலும் இதே பலன் கிடைக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பெல்ட் ஸ்பானர் அல்லது செயின் ஸ்பானர். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெல்ட்டை டின்னின் அடியில் போடாதீர்கள், ஹெட்டை ஒட்டி, மேல் விளிம்புக்குப் பக்கத்தில் போடுங்கள். டின்னின் உடம்பு மெல்லிய தகரம். நடுவில் பிடித்து முறுக்கினால் தகரம் நசுங்குமே தவிர, மேலே ஹெட்டின் மரையில் ஏறியிருக்கும் தடித்த அடித்தட்டு அசையாது. மேல் விளிம்பில் தகரம் மடிப்பாக இருப்பதால் அங்கே பலம் அதிகம்.

அடியில் தண்ணீர் வடிக்கும் பிளாஸ்டிக் திருகோ, சென்சார் ஒயரோ இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். புது ஃபில்டருக்கு அந்தப் பாகங்கள் திரும்ப வேண்டியிருக்கலாம்.

ஒரே சீராக இழுப்பதைவிட, ஸ்பானர் பிடியில் சின்னச் சின்ன வெட்டாகக் கொடுப்பது நல்லது. ஒட்டிய ரப்பர் ஒரு நொடி விட்டால் போதும், அதன் பிறகு கையாலேயே வந்துவிடும்.

டின்னில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திச் சுற்றலாமா?

டீசலில் மட்டும், அதுவும் கடைசியாக. பெட்ரோல் ஃபில்டரை எந்தக் காரணத்துக்காகவும் குத்தாதீர்கள், அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள்.

டீசலில் செய்வதென்றால், ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளிவரும்படி நீளமான ஸ்க்ரூடிரைவரை அடித்து இறக்க வேண்டும். எங்கே அடிப்பது என்பதில்தான் விஷயம். மிகவும் கீழே அடித்தால் தகரம் அப்படியே நீளமாகக் கிழிந்து, பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் போகும். மேல் விளிம்பை ஒட்டி அடித்தால் நடுவில் இருக்கும், ஹெட்டிலிருந்து இறங்கும் மரைக்குழாயில் இடிக்கும். அது சேதமானால் ஹெட்டையே மாற்ற வேண்டும். ஆகவே மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், நடு மையத்தைத் தொடாமல் சற்று ஓரமாக அடியுங்கள். கீழே அகலமான தட்டு வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே உள்ள டீசல் முழுவதும் உடனே கொட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஒரு செயின் ஸ்பானர் வாங்கி வைத்துக்கொள்வது இதைவிட எவ்வளவோ மேல். ஆயில் ஃபில்டருக்கும் உதவும்.

டின் கிழிந்து வந்துவிட்டது, அடித்தட்டு மட்டும் ஹெட்டில் நிற்கிறது. இப்போது?

பயப்பட வேண்டாம், இது பார்ப்பதற்குத்தான் மோசம். டின்னையும் உள்ளே இருக்கும் காகித மடிப்பையும் முழுவதும் பிய்த்து எடுத்துவிடுங்கள். மிச்சம் நிற்கும் வட்டத் தட்டில், எரிபொருள் நுழைவதற்கான சின்னத் துளைகள் சுற்றிலும் இருக்கும். ஒரு துளையின் ஓரத்தில் மழுங்கிய உளியை அல்லது பழைய ஸ்க்ரூடிரைவரைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருக்காமல் துளைக்குத் துளை மாறி, சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். உளியின் முனை மேலே ஹெட்டை நோக்கிப் போகக் கூடாது. கேஸ்கெட் உட்காரும் அந்த வழவழப்பான முகத்தில் ஆழமான கீறல் விழுந்தால், புது ஃபில்டர் மாட்டினாலும் காற்று உறிஞ்சும்.

நடு போல்ட்டு வகையில் போல்ட்டு வந்துவிட்டது, ஆனால் கிண்ணம் கீழே இறங்கவில்லை.

மேலும் கீழும் இருக்கும் ரப்பர் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டை முழுவதும் எடுத்துவிட வேண்டாம், சில மரைகள் பிடித்திருக்கட்டும். கிண்ணத்தின் பக்கவாட்டில் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். ஒட்டு விடும்போது போல்ட்டு பிடித்துக்கொள்ளும், கிண்ணம் சிமெண்டுத் தரையில் விழுந்து விரிசல் விடாது. சில மாடல்களில் கீழ்க்கிண்ணம் கண்ணாடி, இன்னும் அதிகக் கவனம் வேண்டும். கிண்ணத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள்.

போல்ட்டே வரவில்லை என்றால் முதலில் ஸ்பானர் அளவைச் சரிபாருங்கள். அம்பாசடரிலும் மாஸி டிராக்டரிலும் பல போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; அதில் 13 ஸ்பானர் போய் உட்காரும், கொஞ்சம் லொட லொட என்று இருக்கும், பலம் கொடுத்ததும் முனைகளை மழுக்கிவிடும். அங்குல ரிங் ஸ்பானர் ஒன்று தேடி எடுங்கள். அப்புறம் போல்ட்டின் தலையில் நேராக ஒன்றிரண்டு தட்டுத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். துருவின் பிடி முதலில் உடைவதற்கு எந்தப் பக்கமானாலும் சரிதான். ஹெட் அலுமினியம் என்றால் போல்ட்டு அரைச் சுற்று வந்ததும் நிறுத்தி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டியே எடுக்க வேண்டும்.

போல்ட்டோடு வரும், நசுங்கிப்போன பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள்.

குழாய் நடுவே இருக்கும் இரும்பு ஃபில்டரின் நட்டு அசைய மறுக்கிறது.

இங்கேதான் அதிகம் பேர் குழாயை முறித்துக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு ஸ்பானர் கட்டாயம். ஃபில்டரின் முனையில் ஒரு அறுகோணம் இருக்கும், அதை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடிக்க வேண்டும். குழாய் நட்டை இன்னொரு ஸ்பானரால் திருக வேண்டும். ஒரே ஸ்பானரால் நட்டை மட்டும் திருகினால் அந்தப் பலம் முழுவதும் ஃபில்டரைத் தாங்கும் கிளாம்பிலும் குழாயிலும் போய் விழும். இரண்டு ஸ்பானரின் பிடிகளும் ஒரு கைக்குள் அடங்கும்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையை மூடுவது மாதிரி அழுத்தினால் குழாய்க்கு எந்த முறுக்கும் போகாது.

நட்டுக்கு ஓப்பன் ஸ்பானர் வேண்டாம். அது இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். துருப்பிடித்த மெல்லிய நட்டில் வழுக்கிவிடும். பிரேக் குழாய்க்கு உபயோகிக்கிற, வாயில் சின்ன வெட்டு மட்டும் உள்ள ரிங் ஸ்பானர் கிடைக்கும். குழாய் வழியாக நுழைத்து நட்டில் இறக்கலாம். ஐந்து பக்கத்தைப் பிடிக்கும். ஸ்பானர் போடும் முன் நட்டைக் கம்பி பிரஷ்ஷால் கையாலேயே தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

துரு நீக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையிலேயே விட்டு வையுங்கள். நட்டின் இரண்டு பக்கத்திலும் விட வேண்டும்: ஃபில்டரோடு சேரும் இடத்திலும், குழாய் நட்டுக்குள் நுழையும் இடத்திலும். பின்பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நட்டு அசைந்ததும் குழாயில் ஒரு கண் வையுங்கள். குழாயும் சேர்ந்து திரும்புகிறதென்றால் அங்கேயே நிறுத்துங்கள். இப்போது வழியை மாற்ற வேண்டும். ஃபில்டரின் மறுமுனையை முதலில் கழற்றிவிடுங்கள். அது பெரும்பாலும் ரப்பர் ஹோஸாகவோ நல்ல நிலையில் உள்ள நட்டாகவோ இருக்கும். கிளாம்பையும் தளர்த்துங்கள். அந்த முனை விடுபட்ட பிறகு, சிக்கிய நட்டை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஃபில்டரைச் சுற்றி வெளியே எடுங்கள். நட்டும் குழாயும் இருந்த இடத்தில் இருக்கும், ஃபில்டர் மட்டும் கழன்று வரும். இந்த ஒரு முறையால் பல குழாய்கள் பிழைத்திருக்கின்றன.

நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. ஸ்பானர் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கிரிப் பிளையரை மிக இறுக்கமாகச் செட் செய்து, குழாயை நசுக்காமல் நட்டை மட்டும் பிடித்துப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் வண்டியிலேயே வைத்துப் போராட வேண்டாம். அந்த இரும்புக் குழாயின் மறுகோடியில் எங்கே ரப்பர் ஹோஸ் இருக்கிறதோ அங்கே பிரித்து, குழாயும் ஃபில்டருமாக மொத்தமாக வெளியே எடுங்கள். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, ஒர்க்‌ஷாப் வைஸில் பிடித்து நிதானமாகக் கழற்றலாம். உள்ளே ஆவி இருக்கும் என்பதை வைஸில் வைத்த பிறகும் மறக்க வேண்டாம்.

கழன்ற பிறகு மழுங்கிய நட்டை அப்படியே மாட்டி அனுப்பாதீர்கள். பிரேக் குழாய் வேலை செய்யும் கடைகளில் புது நட்டுப் போட்டு, குழாய் வாயை மறுபடி விரித்துக் கொடுப்பார்கள்.

கேஸ் தீயால் சூடு காட்டினால் சுலபமாக வரும் என்கிறார்களே?

சைலன்சர் போல்ட்டுக்கு அது சரி. எரிபொருள் ஃபில்டருக்கு, குழாய்க்கு, வெளியே கழற்றிய ஃபில்டருக்குக்கூடக் கூடாது. காலியாகத் தெரியும் ஃபில்டரில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், அதுதான் வெடிக்கக்கூடியது. டீசலுக்கு மேலே சொன்ன வெந்நீர்த் துணி போதும்.

டபிள்யூடி-40 (துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே) அடித்தும் டின் ஃபில்டர் வரவில்லை. ஏன்?

ஏனென்றால் அங்கே பிடித்திருப்பது ரப்பர். துரு எண்ணெய் மரைக்குள் ஊறும், ரப்பர் ஒட்டை விடுவிக்காது. டின்னுக்கு எண்ணெய் விட்டால் கை வழுக்குவதுதான் மிச்சம். குழாய் நட்டுக்கும் நடு போல்ட்டுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் கிளிப் வைத்த இணைப்பு. அழுத்தினாலும் விடவில்லை.

உள்ளே மண் அடைத்திருக்கும். தண்ணீர் பீய்ச்சியோ காற்று அடித்தோ முதலில் சுத்தம் செய்யுங்கள். பிறகு இழுப்பதற்குப் பதிலாக இணைப்பை ஃபில்டர் பக்கமாக ஒருமுறை உள்ளே தள்ளுங்கள். அப்போது கிளிப்பின் நாக்கின் மேல் உள்ள பாரம் குறையும். தள்ளியபடியே கிளிப்பை அழுத்தி, பிறகு இழுங்கள். பழைய பிளாஸ்டிக் சூட்டில் மொறுமொறுப்பாகியிருக்கும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஒடியும்.

ரப்பர் ஹோஸ் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது.

இழுக்காதீர்கள், முதலில் முறுக்குங்கள். முறுக்கி ஒட்டு விட்ட பிறகு இழுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். அடியில் உள்ள முனையில் கீறல் விழாதபடி லேசாகக் கீறுங்கள்.

உண்மையில் பழைய பெட்ரோல் வண்டி என்றால் ஹோஸ் நன்றாக வந்தாலும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இப்போது பெரும்பாலான பங்குகளில் அதுதான் கிடைக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதில்லை; உப்பும், இளகும், வெடிப்பு விடும். எத்தனால் டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கையும் கரைத்துக் கிளப்பிவிடும், அது நேராக ஃபில்டரில்தான் வந்து அடைக்கும். ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும், அழுத்தம் தாங்கும் எரிபொருள் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டுவது தீயை விலை கொடுத்து வாங்குவதுதான்.

அடுத்த முறை இப்படிச் சிக்காமல் இருக்க எப்படி மாட்டுவது?

ஹெட்டின் முகத்தைத் துடைத்து, பழைய கேஸ்கெட் அங்கேயே ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நின்றால் இரண்டு கேஸ்கெட் சேர்ந்து கசியும். புது கேஸ்கெட்டில் சுத்தமான டீசலையோ எஞ்சின் ஆயிலையோ தடவுங்கள். கையால் சுற்றி, கேஸ்கெட் ஹெட்டைத் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்றுக் கையாலேயே இறுக்குங்கள். ஃபில்டர் மேலேயே எவ்வளவு என்று அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பானர் வேண்டாம். நம் ஊரில் ‘லீக் ஆகிவிடுமோ’ என்ற பயத்தில் எல்லாவற்றையும் அளவுக்கு மேல் இறுக்குகிறோம். ரப்பர் நசுங்கி அடைப்பதால்தான் கசிவு நிற்கிறது. பலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

குழாய் வகையில் ஃபில்டரின் மேல் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டை முதலில் விரலால் சில சுற்று ஏற்றிவிட்டு, பிறகு ஸ்பானர் வையுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.

ஃபில்டர் மாற்றிய பிறகு டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

ஏர் பிடித்திருக்கிறது. ஹெட்டின் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப் பம்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். அதன் பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவிலும் அதையே செய்யுங்கள். கைப் பம்பின் பிடியைத் திரும்பத் திருகி மூட மறக்காதீர்கள். செல்ஃப் அடிப்பது ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம்; இடையில் ஆற விடுங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்பில் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து ஏர் எடுப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய வகை) அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். கண்ணுக்குத் தெரியாத பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அப்படிப் பட்டால் காயம் ஊசி குத்தியது போலச் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெட்ரோல் காரில் ஃபியூஸைத் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் ஆஃப் செய்யுங்கள். பம்பு ஒவ்வொரு முறையும் சில நொடி ஓடி அழுத்தம் ஏற்றும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டார்ச்சோடு இணைப்புகளைப் பார்க்க வேண்டும். ஒரு துளி கசிந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பழைய ஃபில்டரில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம். உள்ளே இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். டீசல் மேலே நிற்கும், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். சிவப்புப் பொடி வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. கறுப்பாக வழவழவென்று வந்தால் டீசலில் தண்ணீர் நாள்பட நின்று கிருமி வளர்ந்திருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் டேங்கைக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, சீக்கிரமே மறுபடி அடைக்கும்.

வடித்ததைச் சாக்கடையிலோ கிணற்றங்கரை மண்ணிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

எந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்?

குழாய் முறுக்க ஆரம்பித்து, மறுமுனையையும் கழற்ற வழியில்லை என்றால். ஹெட்டின் மரை போல்ட்டோடு சுருண்டு வந்துவிட்டால். அதை லேத் பட்டறையில் புது மரை போட்டுச் சரிசெய்ய முடியும், நாமே பெரிய போல்ட்டை அடித்து ஏற்றினால் அந்த வாய்ப்பும் போகும். பெட்ரோல் டேங்கை இறக்கினால்தான் ஃபில்டர் கைக்கு எட்டும் என்கிற மாடலாக இருந்தால். காரின் அடியில் படுக்க வெறும் ஜாக்கியைத் தவிர வேறு தாங்கல் இல்லை என்றாலும் அப்படியே. ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகவே கூடாது. பாதி கழன்ற நிலையில் பெட்ரோல் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரவழையுங்கள், அல்லது கட்டி இழுத்துப் போங்கள்.